பம்ப் வாங்கும் முன் ஒரு அடிஸ்கேலை எடுங்கள்

போன மாதம் ஒரு பதிலில் டர்போவுக்கு, அதாவது இஞ்சினின் புகையால் சுற்றி இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிக்கு, போகும் ஆயிலைப் பற்றி நாலு வரி எழுதினேன். போன ஆயில் எப்படித் திரும்பி வருகிறது என்று எழுதாமல் விட்டேன். அதற்குத் தண்டனை மாதிரி இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஸ்கேவெஞ்ச் பம்ப் பற்றியே, அதாவது டர்போவிலிருந்து ஆயிலை இழுத்து இஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் பம்ப் பற்றி. பிரேக், டயர், மைலேஜ் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் உங்கள் முறை.

கேள்வி: பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை டிராக்கில் மட்டும் ஓட்டத் தயார் செய்கிறோம். 1.3 லிட்டர் இஞ்சினுக்கு டர்போ போட்டாகிவிட்டது. மேலே இடம் இல்லாததால் டர்போ கீழே தொங்குகிறது, ஆயில் வெளியேறும் வாய் சேம்பரில் (இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்) இருக்கும் ஆயில் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. ஸ்கேவெஞ்ச் பம்ப் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். ரப்பர் தகடு அசைந்து இழுக்கும் டயாஃப்ரம் பம்ப் விலை குறைவு, பல்சக்கரங்கள் சுற்றி இழுக்கும் கியர் பம்ப் அதைப் போல மூன்று மடங்கு. எதை வாங்கலாம்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஊருக்கே பம்ப் செய்து அனுப்புகிற ஊரிலிருந்து என்னிடம் பம்ப் கேட்கிறீர்கள், சரி, சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுங்கள்.

டர்போவுக்கு ஆயில் இஞ்சினின் அழுத்தத்தோடு போகிறது, திரும்பும்போது அந்த அழுத்தம் எதுவும் கிடையாது, கூரைத் தண்ணீர் தாழ்வாரத்தில் இறங்குவது போல தானாக வழிந்துதான் சேம்பருக்கு வர வேண்டும். இது தடைபட்டால் என்ன ஆகும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டர்போ ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருப்பது ரப்பர் சீல் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன இரும்பு வளையம், அவ்வளவுதான். வெளியே காற்றும் புகையும் தள்ளும் அழுத்தம் உள்ளே இருப்பதைவிட அதிகம் என்பதால்தான் ஆயில் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்டைத் தாங்கும் நடுக்கூட்டில் ஆயில் தேங்கி நிரம்பிவிட்டால் அந்த வளையத்தால் ஒன்றும் செய்ய முடியாது. சைலன்சர் பக்கம் ஒழுகினால் நீலப் புகை, காற்றுப் பக்கம் ஒழுகினால் அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் முழுக்க ஆயில். டர்போ போச்சு என்று கழற்றி மாற்றுவார்கள், புது டர்போவும் ஒரு வாரத்தில் அதே மாதிரி புகைக்கும், அப்புறம் டர்போ விற்றவரோடு சண்டை.

ஆகவே அளக்க வேண்டியது இரண்டு. டர்போவின் கீழ்வாய் சேம்பரின் ஆயில் மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பது ஒன்று. இன்னொன்று அந்த வாய் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. நேராகக் கீழே பார்க்க வேண்டும், சாய்ந்தால் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது டர்போ செய்கிறவர்களே சொல்லும் கணக்கு. நடுக்கூட்டை நாலு போல்ட் தளர்த்தித் திருப்பிச் சரி செய்யாமல், சாய்ந்த வாயோடு பம்ப் தேடி அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டர்போவைத் தாங்கும் புகைக்குழாயான மேனிஃபோல்டை வெட்டி, டர்போவை ஒரு கை உயரம் தூக்கி வைக்க ஏதாவது வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். ரேடியேட்டரை முன்னால் இரண்டு இஞ்ச் நகர்த்த வேண்டியிருந்தாலும் செய்யுங்கள். டிராக் கார்தானே, அழகு பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் வெல்டருக்கும் லேத்துக்கும் பஞ்சமா? புவியீர்ப்புக்கு ஃபியூஸ் கிடையாது, பிரஷ் தேயாது. நான் சொல்லக்கூடிய மிக நல்ல ஸ்கேவெஞ்ச் பம்ப் அதுதான்.

முடியவே முடியாது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எத்தனை லிட்டர் பம்ப் என்பதை யாரிடமும் கேட்காதீர்கள், உங்கள் டர்போவைக் கேளுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு டர்போவின் கீழ் ஹோஸை ஒரு இரும்பு டப்பாவில் விட்டு, பதினைந்து விநாடி மட்டும் ஓட்டி, வந்ததை அளந்து நாலால் பெருக்குங்கள். ஐடிலிங்கில் ஒரு தடவை, 3000 சுற்றில் ஒரு தடவை. ஒரு நிமிடம் முழுக்க ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம், எஸ்டீமில் இருக்கும் மொத்த ஆயிலே மூன்றரை லிட்டரை ஒட்டித்தான். கையில் தடித்த கையுறை போடுங்கள், அந்த ஆயில் பட்டால் தோல் உரிந்துவிடும்.

நிமிடத்துக்கு 2 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2 லிட்டர் பம்ப் போதுமா? போதாது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, சீலைத் தாண்டிக் கொஞ்சம் காற்றும் புகையும் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றன, ஆகவே வெளியே வருவது ஆயிலாக வராது, டீ மாஸ்டர் இரண்டு முழம் ஆற்றிக் கொடுத்த டீ மாதிரி பாதி டம்ளர் நுரையாக வரும். பம்ப் அந்த நுரையையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். அளந்ததைப் போல இரண்டரை, மூன்று மடங்கு இழுக்கிற பம்ப்பாகப் பாருங்கள், 2 லிட்டருக்கு 5 அல்லது 6. இதிலும் ஒரு தந்திரம் உண்டு: விற்பனைத் தாளில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாமல், மெல்லிய திரவத்தை வைத்து, முழு வோல்ட்டில் எடுத்தது. உங்கள் காரில் நீளமான ஹோஸ், இரண்டு வளைவு, குப்பை பிடிக்க ஒரு ஜாலி (கம்பி வலை) எல்லாம் இருக்கும். ஆயிலைப் போட்டு, அழுத்தத்தோடு எவ்வளவு வருகிறது என்ற வரைபடம் தருகிற கம்பெனியிடம் வாங்குங்கள். தராதவர்களிடம் கேளுங்கள், கேட்டும் தராவிட்டால் அதுவே பதில்.

இப்போது டயாஃப்ரமா கியரா என்ற கேள்விக்கு வருவோம். டயாஃப்ரம் பம்ப்புக்கு நல்ல குணங்கள் உண்டு: காற்றையும் இழுக்கும், காய்ந்து ஓடினாலும் கெடாது, விலை குறைவு. ஆனால் அதன் உயிர் ஒரு ரப்பர் துண்டில் இருக்கிறது. டிராக்கில் ஓடும்போது டர்போவிலிருந்து இறங்கும் ஆயில் 120 டிகிரிக்கு மேல் இருக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பருக்கு அது எல்லைக்கோடு. விட்டான் என்கிற ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரைக்கும் தாங்கும், டயாஃப்ரம் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் வால்வுத் துண்டுகளும் விட்டானா என்று கேட்டு வாங்க வேண்டும். டயாஃப்ரத்தை மட்டும் மாற்றிவிட்டு வால்வில் கைவைக்காமல் விற்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் டில்டன் போன்ற கம்பெனிகள் ரேஸ் கார்களின் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கூலருக்குச் சுற்றவைக்க என்று செய்யும் பம்ப்புகளைத்தான் பலரும் டர்போவுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் டர்போ ஆயிலின் சூடு டிஃபரன்ஷியல் ஆயிலின் சூடு இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கியர் பம்ப்பில் ரப்பர் தொல்லை குறைவு, சூட்டைப் பற்றிக் கவலைப்படாது. அதன் பகை வேறு இரண்டு. ஒன்று குப்பை: பற்களுக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான், சைலன்சர் பக்கமிருந்து உதிரும் ஒரு கரித்துண்டு, வெல்டிங் பொட்டு ஒன்று போதும், மோட்டார் அப்படியே நின்றுவிடும். ஆகவே பம்ப்புக்கு முன்னால் ஒரு ஸ்டீல் ஜாலி, 100 மைக்ரான் வாக்கில் இருக்கட்டும். இன்னும் சன்னமாகப் போட்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும், பேப்பர் ஃபில்டரை அந்தப் பக்கம் போடவே கூடாது. இரண்டாவது பகை குளிர்ந்த ஆயில். 10டபிள்யூ40 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியிலேயே ஆறு மடங்குக்கு மேல் தடிப்பாக இருக்கும். டிசம்பர் காலையில் உங்கள் ஊர் செட்டிப்பாளையம் டிராக்கில் முதல் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அதைவிடவும் குளிர்ந்து தேன் மாதிரி இருக்கும். சின்ன மோட்டார் அந்தச் சுமையில் ஆம்பியரை இழுத்து ஃபியூஸைக் கொளுத்தும். ஆகவே கியர் பம்ப் வாங்கினால் மோட்டாரின் பலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

என் ஓட்டு கியருக்கு. காரணம் எனக்கு நடந்தது. பல வருஷம் முன்பு நண்பர் ஒருவரின் காருக்கு நானே முன்னின்று ஒரு மலிவான டயாஃப்ரம் பம்ப்பைப் போட்டேன். பட்டறையில் இரண்டு மணி நேரம் ஐடிலிங்கில் ஓட்டிப் பார்த்தோம், சொட்டு ஒழுகவில்லை, பெருமையாக டீ வாங்கிக் கொடுத்தேன். டிராக்கில் நாலாவது சுற்றில் பின்னால் வந்தவர் ஹெட்லைட்டை அடித்துக்கொண்டே வருகிறார், என்னவென்று பார்த்தால் எங்கள் காருக்குப் பின்னால் கொசு மருந்து வண்டி போன மாதிரி நீலமாய் ஒரு மதில். பிரித்துப் பார்த்தபோது டயாஃப்ரம் சுட்ட அப்பளம் மாதிரி விறைத்து நடுவில் பிளந்திருந்தது. பம்ப்பைக் குறை சொல்ல மாட்டேன், அதன் கூட்டிலேயே எத்தனை டிகிரி வரை என்று அச்சடித்திருந்தது, நான் படிக்கவில்லை.

அதிலிருந்து நான் பம்ப்பை நேராக டர்போ வாயில் மாட்டுவதில்லை. நடுவில் ஒரு சின்னத் தொட்டி வேண்டும், அரை லிட்டர் பிடித்தால் போதும். டர்போ ஆயில் அதில் தானாக இறங்கட்டும், பம்ப் அதன் அடியிலிருந்து இழுக்கட்டும். பம்ப் நேரடியாக டர்போவிலிருந்து இழுத்தால் நடுக்கூட்டில் வெற்றிடம் உண்டாகி, சீல் வழியாகப் புகையை இன்னும் உள்ளே இழுத்து ஆயிலைக் கரியாக்கும். தொட்டியின் மேலே ஒரு காற்றுக் குழாய் வைத்து, அதை மேல்நோக்கியே ஏற்றிக்கொண்டு போய் இஞ்சின் தலைமேல் இருக்கும் வால்வ் கவரின் பிரீதரோடு (இஞ்சினின் உள்காற்று வெளியேறும் வாயோடு) சேருங்கள். வெளிக்காற்றில் திறந்துவிட்டால் சைலன்சர் மேலே ஆயில் தெளிக்கும், அப்புறம் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். பம்ப் தொட்டிக்குக் கீழே இருக்கட்டும், எப்போதும் வாயில் ஆயில் நிற்கும்.

திரும்பும் ஹோஸை சேம்பரின் ஆயில் மட்டத்துக்கு மேலே கொண்டுபோய் விடுங்கள், வால்வ் கவர் இன்னும் நல்லது. ஹோஸ்கள் எல்லாம் உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் உள்ளவையாக இருக்கட்டும். உறிஞ்சும் பக்கம் சாதாரண ரப்பர் ஹோஸ் போட்டால் சூட்டில் இளகி, உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

கேள்வி: ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டர்போவிலிருந்து ஆயில் கசிகிறது, காலையில் புகை. ஸ்கேவெஞ்ச் பம்ப் போட்டால் நின்றுவிடும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். போடலாமா?
வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். கம்பெனி எந்த உயரத்தில் டர்போவை வைத்ததோ அந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறது. இத்தனை வருஷம் தானாக இறங்கிய ஆயில் இப்போது இறங்கவில்லை என்றால் வழியில் எதுவோ அடைத்திருக்கிறது, அதைக் கண்டுபிடியுங்கள்.

முதலில் டர்போவின் கீழ்க் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்ட வண்டியில் அது கரி படிந்து பாதி மூடியிருக்கும். போன தடவை பேக்கிங்குக்குப் பதில் யாராவது சிலிக்கான் பசையை அப்பியிருந்தால், அது உள்ளே பிதுங்கி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்புறம் பிரீதர். சேம்பருக்குள் காற்றழுத்தம் ஏறினால் டர்போ ஆயில் எங்கே இறங்கும்? ஆயில் மட்டம் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் மண்ணாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஃபில்டர் அடைத்தால் டர்போ காற்றுக்குப் பதில் தன் ஆயிலையே உறிஞ்சும்.

இன்டர்கூலர் பைப்பில் லேசாக ஆயில் ஈரம் இருந்தால் அது நோய் இல்லை, பிரீதர் ஆவி அப்படித்தான் படியும். சொட்டினால்தான் கவலை. ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டீசல் இஞ்சினுக்கு டர்போ வழியாக நிறைய ஆயில் போனால் அதையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு தானாகச் சுற்று ஏறும், சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திக்கொண்டு பெரிய கியரில் போட்டு கிளட்சை விட்டு இஞ்சினை அடக்க வேண்டும். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. மெஷினின் பம்ப் பழசு ஒன்று இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. காரின் பெட்ரோல் பம்ப்பும் ஒன்று இருக்கிறது. இரண்டில் எதையாவது இந்த வேலைக்குப் போடலாமா?
வாசகர், சேலம்

பதில்: உங்கள் சிக்கனத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் ஆர்.ஓ. பம்ப் குளிர்ந்த தண்ணீருக்குச் செய்தது. பெரும்பாலும் 24 வோல்ட், காரில் கொடுத்தால் அரை உயிரோடுதான் சுற்றும், கொதிக்கிற ஆயிலில் அதன் ரப்பர் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிசயம். பெட்ரோல் பம்ப் இன்னும் மோசம். அது பெட்ரோலிலேயே மூழ்கி அதிலேயே குளிர்ந்து வேலை செய்கிற ஜாதி, நுரையைக் கொடுத்தால் பிடி கிடைக்காமல் சும்மா சுற்றிச் சூடேறிச் சாகும். இரண்டையும் அதனதன் வேலைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டர்போ ஹோஸ் வாங்கப் போனால் ஏ.என். 4, ஏ.என். 10 என்கிறார்கள். என்ன கணக்கு? டர்போவுக்குப் போகும் ஆயிலைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் போட வேண்டுமா?
வாசகர், மதுரை

பதில்: எண்ணைப் பதினாறால் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் இஞ்சில் வரும். 4 என்றால் கால் இஞ்ச், 10 என்றால் ஐந்தெட்டு. போகும் வழிக்கு 4 தாராளம், திரும்பும் வழிக்கு 10க்குக் குறையாதீர்கள். அழுத்தத்தோடு போவதற்குச் சின்னது போதும், நுரையாக வழிந்து இறங்குவதற்குப் பெரியது வேண்டும். இரண்டையும் ஒரே சைஸில் வாங்கினால் தள்ளுபடி கிடைக்கிறது என்று வாங்கியவரைத் தெரியும், பெயர் வேண்டாம்.

ரெஸ்ட்ரிக்டர் விஷயத்தில் உங்கள் டர்போ எந்த வகை என்று முதலில் பாருங்கள். ஷாஃப்டைக் குண்டுகள் தாங்கும் பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் குறைவாகத்தான் வேண்டும், இஞ்சின் முழுச் சுற்றில் ஓடும்போதும் டர்போ வாயில் அழுத்தம் 3 பாருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், அதற்காக 1 மில்லிமீட்டர் அளவு ஓட்டை உள்ள ரெஸ்ட்ரிக்டர் போடுவது வழக்கம். சாதாரண புஷ் பேரிங் டர்போ ஆயில் படலத்தின் மேலேயே மிதந்து ஓடுகிறது, அதற்குப் பெரும்பாலும் ரெஸ்ட்ரிக்டர் தேவையில்லை, புகை வருகிறதே என்று ஆயிலை நெறித்தால் புகை நிற்கும், டர்போவும் நிற்கும்.

கோவைக்காரர்களும் இதைப் படியுங்கள். உங்களுடையது பால் பேரிங் என்றால் ரெஸ்ட்ரிக்டர் போட்ட பிறகு அளந்து பாருங்கள், வெளியே வரும் ஆயில் குறையும், அதற்கேற்ப பம்ப்பும் சின்னதாகும்.

கேள்வி: ஸ்கேவெஞ்ச் பம்ப்புக்கு வயரிங் எப்படி? சாவி போட்டதும் ஓடினால் போதாதா? பம்ப் நின்றுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?
வாசகர், வேலூர்

பதில்: இந்த மாதக் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பம்ப் ஒரு நாள் நிற்கும். எந்தக் கம்பெனி என்றாலும் நிற்கும், மோட்டார் பிரஷ் தேயும், வயர் கழலும். நின்ற பிறகு நமக்கு எத்தனை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 2 லிட்டர் வரத்து. பதினைந்து விநாடி. அதற்கு மேல் ஆயில் டர்போவுக்குள் ஏறும்.

ஆகவே தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச் வையுங்கள். சூடான ஆயிலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் மிதவை கூடாது. ஆயில் முக்கால் தொட்டிக்கு ஏறியதும் முகத்துக்கு நேரே ஒரு சிவப்பு விளக்கு, கூடவே காது கிழிகிற மாதிரி ஒரு பஸ்ஸர். ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு மெல்லிய சத்தம் கேட்காது. பம்ப்பின் வெளி வாயில் பிரஷர் சுவிட்ச் வைக்கலாமே என்பார்கள். திறந்த வழியில் தள்ளுகிற பம்ப்பில் அழுத்தம் அதிகம் இருக்காது, பம்ப் ஓடிக்கொண்டே ஜாலி அடைத்திருந்தால் ஒரு மாதிரி, குளிரில் வேறு மாதிரி என்று குழப்பும். மிதவை பொய் சொல்லாது: ஆயில் ஏறுகிறதா இல்லையா, அவ்வளவுதான். பஸ்ஸர் அடித்ததும் செய்ய வேண்டியது ஓரம் கட்டி இஞ்சினை அணைப்பது. டர்போவுக்குப் போகும் ஆயிலை வால்வ் வைத்து நிறுத்தலாமா என்று சிலருக்கு யோசனை வரும், ஷாஃப்ட் அந்தச் சுற்றில் காய்ந்து ஓடினால் புகையைவிடப் பெரிய செலவு.

சாவியோடு ஓடவிட்டால், ஸ்டீரியோ கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம் பம்ப்பும் காய்ந்து சுற்றும், கியர் பம்ப்புக்கு அது ஆகாது. இஞ்சினில் ஆயில் அழுத்தம் வந்ததும் மூடிக்கொள்கிற சுவிட்ச் ஒன்றைத் தனியாக வாங்கி, அது ரிலேயை இழுக்க, ரிலே பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கட்டும். டேஷ்போர்டின் ஆயில் விளக்குக்கு இருக்கும் சுவிட்சிலிருந்தே எடுத்துவிடலாம் என்று கைவைக்காதீர்கள். அது தலைகீழாக வேலை செய்வது, அழுத்தம் இல்லாதபோதுதான் மூடியிருக்கும். அப்படியே மாட்டினால் இஞ்சின் நிற்கும்போது பம்ப் ஓடும், இஞ்சின் ஓடும்போது பம்ப் தூங்கும்.

இஞ்சினை அணைத்த பிறகு ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்காக ஒரு டைமர் வைத்து இன்னும் இருபது முப்பது விநாடி ஓடவிடுங்கள். ஃபியூஸ் பம்ப் கம்பெனி சொன்ன அளவில், பேட்டரிக்குப் பக்கத்தில். எர்த் வயரை பெயின்ட் சுரண்டாத தகட்டில் மாட்டிவிட்டு பம்ப் சரியில்லை என்று எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: என் காரில் டர்போவைப் பின்னால் சைலன்சர் இருக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன், எலக்ட்ரிக் கியர் பம்ப் இருக்கிறது. ஓடும்போது எந்தத் தொல்லையும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிடம் நீலப் புகை. பம்ப் பத்தவில்லையா? மெக்கானிக்கல் பம்ப்புக்கு மாறலாமா?
வாசகர், ஈப்போ

பதில்: பம்ப் பத்தாவிட்டால் ஓடும்போது புகைக்கும், காலையில் மட்டும் புகைக்காது. இராத்திரியில் எதுவோ இறங்குகிறது. பின்னால் வைத்த டர்போவுக்கு முன்னாலிருந்து நீண்ட குழாயில் ஆயில் போகிறது, டர்போ தாழ்வாக இருக்கிறது, இஞ்சினை அணைத்த பிறகு மேலே வழிகளில் நிற்கும் ஆயில் அந்தக் குழாய் வழியாக மெல்ல மெல்ல டர்போவுக்குள் வடியும். பம்ப் தூங்குகிறது, யார் எடுப்பது? டர்போவுக்குப் போகும் குழாயில், இஞ்சின் பக்கமாக, ஆயிலை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வ் ஒன்று போடுங்கள், கொஞ்சம் அழுத்தம் வந்தால்தான் திறக்கிற மாதிரி ஸ்பிரிங் உள்ளது. ரொம்பக் கெட்டி ஸ்பிரிங்காக வாங்கினால் ஐடிலிங்கில் டர்போ பட்டினி கிடக்கும், ஆகவே போட்ட பிறகு டர்போ வாயில் ஐடிலிங் அழுத்தத்தைக் கேஜ் வைத்துப் பாருங்கள். திரும்பும் பக்கத்திலும் ஒரு செக் வால்வ் இருந்தால் நல்லது, கியர் பம்ப் நிற்கும்போது பற்களின் இடுக்கு வழியாக நீண்ட ஹோஸில் நின்ற ஆயில் பின்னோக்கி வரும்.

மெக்கானிக்கல் பம்ப் எனக்கும் ஆசைதான். 1975இல் வந்த போர்ஷே 911 டர்போவில், 930 என்பார்களே, அதில் டர்போ பின்னால் தாழ்வாக உட்கார்ந்திருக்கும், அதன் ஆயிலை இழுக்க இடது கேம்ஷாஃப்டின் முனையில் ஒரு தனிப் பம்ப்பை மாட்டியிருந்தார்கள். இஞ்சின் சுற்றினால் பம்ப்பும் சுற்றும், வயர் இல்லை, ரிலே இல்லை, இஞ்சின் வேகம் ஏறினால் இழுப்பும் ஏறும். ஏர்கூல்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களுக்கு டர்போ போடுகிறவர்களும் ஆயில் பம்ப்பிலேயே இன்னொரு ஜோடி கியரை அடுக்கி அதே வேலையைச் செய்துகொள்கிறார்கள். ஆனால் உங்கள் டர்போ இஞ்சினிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னால் மாட்டிய பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து நுரையை உறிஞ்ச வேண்டும், அது நடக்காது. பம்ப் எப்போதும் தள்ளுகிற வேலையில் கெட்டி, உறிஞ்சுகிற வேலையில் சோப்ளாங்கி. இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், செக் வால்வைப் போடுங்கள்.

கேள்வி: இப்படியெல்லாம் டர்போவும் பம்ப்பும் போட்ட காரை ரோட்டில் ஓட்டலாமா?
வாசகர், சென்னை

பதில்: ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. ஆர்.சி.யில் இல்லாத டர்போவோடு விபத்து ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார். இருங்காட்டுக்கோட்டை டிராக் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஏற்றும் முன் பஸ்ஸர் அடிக்கிறதா என்று மிதவையை ஒரு தடவை கையால் தூக்கிப் பாருங்கள்.